காத்து வைத்த கடற்சேறு

பனியுகங்கள் ஏன் வந்தன, ஏன் போயின என்ற கேள்வியை 19ஆம் நூற்றாண்டின் அறிஞர்கள் மலைச்சரிவுகளில் எழுப்பினார்கள். விடை கடலடியில் கிடந்தது. அதைக் கண்டெடுத்த கதையை இன்று சொல்பவர்கள் சில மேதைகளின் பெயர்களை அடுக்குவார்கள். ஐசோடோப்பு வேதியியலைத் தந்த ஹெரால்டு யூரி, அதைக் கடற்சேற்றில் முதலில் பயன்படுத்திய சேசரே எமிலியானி, அவர் கணக்கைத் திருத்திய நிக்கலஸ் ஷாக்கிள்டன், கோள்களின் கணிதத்தைச் செய்து வைத்திருந்த மிலுட்டின் மிலன்கோவிச் என்று அந்த வரிசை போகும். அவர்கள் மேதைகள்தான், அதில் ஐயமில்லை. ஆனால் அந்த வரலாற்றைக் கூர்ந்து பார்த்தால், ஒவ்வொரு திருப்பத்திலும் இன்னொரு விஷயம் துணை நிற்பது தெரியும். யாரோ ஒருவர் என்றோ எடுத்த சேறு, எடுத்த இடமும் ஆழமும் குறிக்கப்பட்டு, ஒரு கிடங்கில் பத்திரமாக இருந்தது. முதல் வாசிப்பு தவறாகப் போனபோதும் அதே சேற்றை எடுத்து மறுபடி வாசிக்க முடிந்தது. கடல் நிலவியல் காலநிலையைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேச முடிவதற்கு, சான்றைத் தூக்கி எறியாத இந்தப் பழக்கமே முதற்காரணம் என்பது என் வாதம்.

தரையில் கிடைத்த சான்று ஏன் போதவில்லை என்பதிலிருந்து தொடங்கலாம். ஆல்ப்ஸ் மலையின் பனியாறுகள் விட்டுச் சென்ற கற்குவியல்களையும் ஆற்றுப் படிக்கட்டுகளையும் ஆராய்ந்த ஆல்பிரெக்ட் பெங்க், எட்வர்டு புருக்னர் ஆகிய இருவரும் 1909இல் முடிந்த தங்கள் பெருநூலில் நான்கு பனியுகங்களை வரிசைப்படுத்தினார்கள். அரை நூற்றாண்டுக் காலம் பாடநூல்கள் அந்த நான்கையே ஓதின. ஆனால் பனியாறு தன் முன்னோடியின் தடத்தை அழித்துக்கொண்டே நகரும் இயல்புடையது. ஒரு பெரிய பனியாறு வந்து போனால், அதற்கு முந்தைய சிறியவற்றின் கணக்கு தொலைந்துபோகும். ஆழ்கடலில் அப்படியில்லை. மேற்பரப்பில் மிதந்து வாழும் நுண்ணுயிரிகள் இறந்து, அவற்றின் சுண்ணாம்பு ஓடுகள் மழைபோல் கீழே இறங்கி, ஆயிரம் ஆண்டுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் என்ற கணக்கில் படிகின்றன. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிய சாலஞ்சர் கப்பல் இந்தச் சேற்றைக் கயிற்றில் கட்டிய கருவிகளால் அள்ளி வந்தது. ஜான் முர்ரேயும் ரெனார்டும் 1891இல் அதைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டார்கள். எந்தக் கடலில் எந்தச் சேறு என்ற படம் அதில் கிடைத்தது. மேற்படிவை மட்டுமே அள்ளியதால் அதில் காலம் இல்லை.

காலம் வேண்டுமென்றால் சேற்றை அடுக்குக் குலையாமல் செங்குத்தாக எடுக்க வேண்டும். ஜெர்மனியின் மீட்டியோர் கப்பல் 1925 முதல் 1927 வரை அட்லாண்டிக்கில் குழாய்களை இறக்கி, ஏறத்தாழ ஒரு மீட்டர் நீள வண்டல் உருளைகளை எடுத்தது. அவற்றை ஆராய்ந்த வுல்ஃப்காங் ஷாட், ஃபொராமினிஃபெரா என்ற ஓட்டு நுண்ணுயிரிகளில், வெதுவெதுப்பான நீரில் வாழும் ஓர் இனம் மேலடுக்கில் இருப்பதையும், நடு அடுக்கில் காணாமல் போவதையும், அதற்குக் கீழே மீண்டும் வருவதையும் 1935இல் எழுதினார். கடலடியில் பனியுகத்தை அடையாளம் கண்ட முதல் வாசிப்புகளில் அது ஒன்று. ஒரு மீட்டருக்குக் கீழே போகத்தான் வழியில்லை. குழாயை வெறுமனே குத்தினால் உராய்வு சேற்றை உள்ளே ஏறவிடாது. ஸ்வீடனின் பெர்யே குல்லன்பெர்க், மருத்துவ ஊசியின் தண்டு மருந்தை உறிஞ்சுவதுபோல் குழாய்க்குள் ஒரு பிஸ்டனை வைத்துச் சேற்றை உள்ளிழுக்கும் கருவியை உருவாக்கினார். 1947-48இல் ஆல்பட்ராஸ் கப்பல் அந்தக் கருவியுடன் உலகைச் சுற்றிப் பத்து மீட்டரைத் தாண்டிய உருளைகளைக் கொண்டுவந்தது.

அதே காலத்தில் நியூயார்க் அருகே லமாண்ட் ஆய்வகத்தை 1949இல் தொடங்கிய மாரிஸ் யூவிங் ஒரு விதி வகுத்தார்: கப்பல் எங்கே இருந்தாலும், என்ன வேலையாகப் போனாலும், நாளுக்கு ஓர் உருளை எடுக்க வேண்டும். யூவிங் ஒரு புவி இயற்பியலாளர். அவருடைய அக்கறை கடலடி அமைப்பின் மீதும் நில அதிர்வு அலைகளின் மீதும் இருந்தது. அந்த உருளைகள் எந்தக் கேள்விக்கு விடை சொல்லும் என்று அவருக்கே தெரியாது. இருந்தும் 1953இல் வாங்கிய வேமா என்ற, மூன்று பாய்மரங்கள் கொண்ட கப்பல், 1981இல் ஓய்வு பெறும்வரை, அந்த விதியைக் கடலெங்கும் சுமந்து சென்றது. அதற்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. 1954இல் ஒரு புயலில் அலை அடித்து யூவிங்கும் அவர் தம்பியும் துணை மாலுமிகள் இருவரும் கடலில் விழுந்தார்கள். ஒருவர் மீளவில்லை. இப்படிச் சேர்ந்த உருளைகளை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை ஆய்வுக்கும் மறு பாதியை ஆவணத்துக்கும் என்று பிரித்து வைக்கும் முறை உருவானது. இன்று லமாண்ட் கிடங்கில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உருளைகள் உள்ளன.

அந்தச் சேமிப்பிலிருந்தும் ஆல்பட்ராஸ் உருளைகளிலிருந்தும் எமிலியானி தன் புகழ்பெற்ற 1955ஆம் ஆண்டுக் கட்டுரையை எழுதினார். சிகாகோவில் யூரி கண்ட அடிப்படை இது: ஆக்சிஜனில் எடை குறைந்த 16ஆம் வகையும் எடை கூடிய 18ஆம் வகையும் உண்டு, நீர் குளிரக் குளிர, ஓடு கட்டும் உயிரி எடை கூடிய வகையைச் சற்று அதிகமாகச் சேர்க்கும். எனவே ஓட்டிலுள்ள விகிதத்தை அளந்தால் பழைய கடலின் வெப்பநிலை தெரியும் என்று எமிலியானி நம்பினார். அவர் வரைந்த கோட்டில் நான்கைவிட அதிகமான பனியுகங்கள் ஏறி இறங்கின. வெப்ப நிலைகளுக்கு ஒற்றைப்படை எண்ணும் குளிர் நிலைகளுக்கு இரட்டைப்படை எண்ணும் அவர் கொடுத்தார். இன்றுவரை உலகெங்கும் அந்த எண்களே வழக்கத்தில் உள்ளன. ஆனால் வெப்பமண்டலக் கடல் ஆறு டிகிரி அளவுக்குக் குளிர்ந்தது என்று அவர் சொன்னது நிற்கவில்லை. விகிதத்தை மாற்றும் இன்னொரு காரணமும் இருந்தது. எடை குறைந்த ஆக்சிஜன் கொண்ட நீர் எளிதில் ஆவியாகும். அது பனியாகப் பெய்து துருவப் பாளங்களில் சிறைப்பட்டால், கடலில் எடை கூடிய வகையின் பங்கு உயரும். குளிர்ச்சி, பனிப்பாளத்தின் வளர்ச்சி இரண்டுமே ஓட்டின் விகிதத்தை ஒரே திசையில் தள்ளுகின்றன. எமிலியானி இதை அறிந்திருந்தார். ஆனால் பனியின் பங்கைக் குறைத்து மதிப்பிட்டார்.

இரண்டையும் பிரித்துக் காட்டியதுதான் ஷாக்கிள்டனின் வாழ்நாள் பணியின் தொடக்கம். கேம்பிரிட்ஜில் இயற்பியல் கற்று, ஐசோடோப்புகளை எடைவாரியாகப் பிரித்து அளக்கும் நிறைமாலைமானியைத் தன் கையாலேயே மேம்படுத்தியவர் அவர். ஓடுகளை அளக்கும் வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்பது நல்லது. உருளையிலிருந்து வெட்டியெடுத்த சிறு துண்டுச் சேற்றை நீரில் கரைத்து நுண்சல்லடையில் கழுவினால், களிமண் போய், மணல்போல் ஓடுகள் மிஞ்சும். அவற்றைக் காயவைத்து, நுண்ணோக்கியின் கீழே தட்டில் பரப்பி, ஈரத் தூரிகையின் நுனியால் ஓர் இனத்தின் ஓடுகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுக்க வேண்டும். அவற்றைப் பாஸ்பாரிக் அமிலத்தில் கரைத்தால் வரும் கரியமில வாயு நிறைமாலைமானிக்குள் போகும். மேற்பரப்பில் மிதந்த இனங்களின் ஓடுகள் ஏராளம்; கடலடியில் வாழ்ந்த இனங்களின் ஓடுகள் அரிது. பழைய கருவிகளுக்கு அந்தச் சொற்ப ஓடுகள் போதாது. ஷாக்கிள்டனின் கருவிக்குப் போதுமாயிருந்தது. ஆழ்கடல் நீர் இன்றே உறைநிலையை ஒட்டித்தான் இருக்கிறது. பனியுகத்தில் அது இன்னும் பல டிகிரி குளிர வழியில்லை. ஆனால் அடிமட்ட ஓடுகளும் மேற்பரப்பு ஓடுகளைப் போலவே ஏறி இறங்கின. ஆகவே மாறியதில் பெரும்பங்கு கடல்நீரின் சேர்க்கையே என்று 1967இல் அவர் நிறுவினார். எமிலியானியின் கோடு வெப்பமானியாக இருந்ததைவிடப் பனிப்பாளத்தின் அளவுகோலாகவே அதிகம் இருந்தது. ஒரு பிழை திருந்தியதால் கருவி இன்னும் பயனுடையதாயிற்று. வெப்பநிலை இடத்துக்கு இடம் மாறும்; கடல்நீரின் சேர்க்கையோ உலகெங்கும் ஏறத்தாழ ஒன்றாகவே மாறும். ஒரு கடலின் உருளையை இன்னொரு கடலின் உருளையோடு அடுக்குக்கு அடுக்கு ஒப்பிட இதனால் வழி பிறந்தது.

அடுத்த படி காலக்கணக்கு. ரேடியோகார்பன் சில பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேல் போகாது. வேமா தன் 28ஆம் பயணத்தில் மேற்குப் பசிபிக்கின் நிலநடுக்கோட்டுப் பகுதியில் எடுத்த 238ஆம் உருளை லமாண்டில் இருந்தது. அதைத்தான் ஷாக்கிள்டனும் காந்தவியலாளர் நீல் ஆப்டைக்கும் 1973இல் படித்தார்கள். பூமியின் காந்தப் புலம் கடைசியாகத் தலைகீழாக மாறிய தடம் 12 மீட்டர் ஆழத்தில் தெரிந்தது. எரிமலைப் பாறைகளிலிருந்து அந்த மாற்றத்தின் வயது ஏறத்தாழ 7 லட்சம் ஆண்டு என்று அப்போது கணித்திருந்தார்கள். அந்தத் தடத்துக்கும் மேற்பரப்புக்கும் இடையே பத்தொன்பது நிலைகள் அடுக்காக இருந்தன. நான்கு பனியுகம் என்ற பாடம் அத்தோடு முடிந்தது. மூன்றாண்டு கழித்து, 1976 டிசம்பரில், ஜேம்ஸ் ஹேஸ், ஜான் இம்ப்ரி, ஷாக்கிள்டன் மூவரும் தெற்கு இந்தியப் பெருங்கடலின் இரண்டு உருளைகளை வைத்துப் பெரிய கேள்வியைக் கேட்டார்கள். ஒன்று லமாண்டின் கான்ராடு கப்பல் எடுத்தது. நல்ல உருளை, ஆனால் மூன்று லட்சம் ஆண்டோடு நின்றுவிட்டது. மற்றது எல்ட்டானின் கப்பல் எடுத்து, ஃபுளோரிடாவில் வைத்திருந்தது. அதன் மேற்பகுதி இல்லை. ஆனால் இன்னும் பழைய காலத்துக்குப் போயிற்று. இரண்டு கிடங்குகளின் இரண்டு குறையுள்ள உருளைகளைப் பொருத்தியபோது 4,50,000 ஆண்டுகளின் தொடர் கிடைத்தது. அதில் ஏறத்தாழ 1,00,000, 42,000, 23,000, 19,000 ஆண்டுகள் என்ற சுழற்சிகள் தென்பட்டன. பூமியின் சுற்றுப்பாதையின் நீள்வட்டத் தன்மை, அச்சின் சாய்வு, அயனச் சலனம் ஆகியவற்றின் சுழற்சிகள் இவையே. ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் குரோல் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கி, மிலன்கோவிச் 1941இல் நிறைவாக்கிய கணக்கு சேற்றில் எழுதப்பட்டிருந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும். கேள்வியில்லாமல் சேர்ப்பது அறிவியலா? முறை இல்லாதபோது சேறு ஊமைதானே? இதில் உண்மை உண்டு. லமாண்டின் உருளைகளை எமிலியானிக்கு இணையாகப் படித்தவர்கள் டேவிட் எரிக்சனும் கோஸ்டா வோலினும். கிடங்கு முழுவதும் அவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஷாட் பயன்படுத்திய அதே வெதுவெதுப்பு இனம் உண்டா இல்லையா என்பதை வைத்து அவர்கள் கட்டிய காலவரிசை நான்கு பனியுகங்களுக்குப் பொருந்துவதாக அமைந்தது. எமிலியானியோடு ஆண்டுக்கணக்காக வாதாடினார்கள். இறுதியில் பனியுகங்களின் எண்ணிக்கையில் எமிலியானியே சரி என்றாயிற்று. ஆக, சேறு இருப்பதால் மட்டும் உண்மை கிடைத்துவிடாது. ஆனால் எரிக்சனின் தவறு எப்படி வெளிப்பட்டது, எமிலியானியின் வெப்பக் கணக்கு எப்படித் திருந்தியது என்று பாருங்கள். இம்ப்ரியும் நில்வா கிப்பும் 1971இல் வேமா எடுத்த ஒரு கரீபிய உருளையில் பல இனங்களின் எண்ணிக்கையைப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்து, அந்தக் கடல் எமிலியானி சொன்ன அளவுக்குக் குளிரவில்லை என்று காட்டினார்கள். திருத்தமும் கிடங்கிலிருந்தே வந்தது. புதிய முறையை யாரும் எந்த ஆண்டிலும் கண்டுபிடிக்கலாம். அதைப் பழைய முடிவின் மீது சோதித்துப் பார்க்க, பழைய முடிவுக்கு ஆதாரமான பொருள் கையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கடுமையானது. சேற்றைப் புழுக்கள் கிளறுகின்றன. கடலடிச் சரிவுகள் சேற்றை அடித்துச் செல்கின்றன. பிஸ்டன் இழுக்கும்போது அடுக்கு நீள்கிறது. இவற்றோடு, 1976க்குப் பின் ஆய்வாளர்கள் சுற்றுப்பாதைச் சுழற்சியை வைத்தே சேற்றுக்கு வயது போடத் தொடங்கினார்கள். சுழற்சி உண்டென்று எடுத்துக்கொண்டு வயது போட்டு, அந்த வயதில் சுழற்சியைக் கண்டோம் என்றால் அது சுற்றிச் சுற்றி வரும் வாதம்தானே? கிளறலுக்கு விடை எளிது. தொலைதூரக் கடல்களின் உருளைகள் ஒரே ஏற்ற இறக்கத்தைக் காட்டுகின்றன. புழுக்கள் ஒன்று கூடி அப்படிச் செய்யாது. வயதுக் கேள்விக்கு 1990இல் ஒரு நேரடிச் சோதனை அமைந்தது. கிழக்குப் பசிபிக்கில் துளையிட்டு எடுத்த வண்டலை ஷாக்கிள்டனும் உடன் ஆய்வாளர்களும் சுற்றுப்பாதைக் கணக்கோடு பொருத்தியபோது, காந்த மாற்றத்தின் வயது 7,80,000 ஆண்டு என்று வந்தது. அப்போது எல்லோரும் ஏற்றிருந்த பாறை வயது 7,30,000. சேறு சொன்னது பாறையோடு முரண்பட்டது. இரண்டே ஆண்டுகளில், எரிமலைப் பாறைகளைப் புதிய ஆர்கான் முறையில் அளந்தவர்கள் சேற்றின் பக்கம் நின்றார்கள். சுற்றிச் சுற்றி வரும் வாதம் வெளியிலுள்ள பாறையின் வயதை முன்கூட்டிச் சொல்லாது. இன்னும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. நீள்வட்டத் தன்மையால் வெயிலில் வரும் மாற்றம் மிகச் சிறியது. ஆனால் பெரிய பனியுகங்கள் ஒரு லட்சம் ஆண்டுச் சுழற்சியைப் பின்பற்றுகின்றன. பனிப்பாளங்களும் கரியமில வாயுவும் அந்தச் சிறு தூண்டலை எப்படிப் பெருக்குகின்றன என்பது ஆய்வுக்குரியதாகவே உள்ளது. சுழற்சி உண்டா என்ற கேள்வி முடிந்தது. அது எப்படி வேலை செய்கிறது என்ற கேள்வி நீடிக்கிறது.

மறுவாசிப்பு 1976இல் நின்றுவிடவில்லை. 1988இல் ஹார்ட்முட் ஹைன்ரிக், வடகிழக்கு அட்லாண்டிக்கின் உருளைகளில், கடலில் மிதந்த பனிப்பாறைகள் சிந்திய கற்துகள் அடுக்குகளைக் காட்டினார். ஜெரார்டு பாண்டும் வாலஸ் புரோக்கரும் அதைப் படித்துவிட்டுப் போனது பழைய சேற்றுக்குத்தான். வேமா எடுத்த ஓர் உருளையிலும் 1983இல் துளையிட்ட ஓர் இடத்தின் சேற்றிலும் அதே அடுக்குகள் இருந்தன. அந்தத் துகள்களில் ஹட்சன் விரிகுடாப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் இருந்தது. வட அமெரிக்கப் பனிப்பாளம் திரும்பத் திரும்ப உடைந்து கடலில் கொட்டியது என்பதும், காலநிலை மெதுவாக மட்டுமல்லாமல் திடீரென்றும் புரளக்கூடியது என்பதும் அப்படித் தெளிந்தன. அதுபோலவே 1970களில் கிளைமாப் திட்டம் பனியுகக் கடலுக்கு வரைந்த படத்தில் வெப்பமண்டலம் அவ்வளவாகக் குளிரவில்லை. பின்வந்த வேதியியல் அளவீடுகள் அது கூடுதலாகவே குளிர்ந்ததைக் காட்டின. எமிலியானி அதிகம் என்றார், அடுத்தவர்கள் குறைவு என்றார்கள், இன்றைய மதிப்பு இடையில் நிற்கிறது. நம் கடல்களுக்கும் இந்த வரலாற்றில் இடமுண்டு. அரபிக்கடலின் மேற்கில் தென்மேற்குப் பருவக்காற்று அடிநீரை மேலே கிளப்பும்போது பெருகும் ஓர் ஓட்டுயிரியின் எண்ணிக்கையை வைத்துப் பழைய காற்றின் வலிமையை அளக்கிறார்கள். 2014 நவம்பர் முதல் 2015 ஜனவரி வரை ஜாய்டஸ் ரெசல்யூஷன் கப்பல் வங்காள விரிகுடாவில் துளையிட்டது. அந்தச் சேற்றிலிருந்து 9 லட்சம் ஆண்டு மழையின் வரலாற்றை 2021இல் வெளியிட்டார்கள். கரியமில வாயு கூடினால் பருவமழை பெருகும் என்று இன்றைய கணினி மாதிரிகள் சொல்வதை அந்த வரலாறு தாங்குகிறது.

கடைசியாக ஒரு மறுப்பு: கடலடி எங்கும் ஓடிவிடவில்லை, வேண்டும்போது மறுபடி எடுத்துக்கொள்ளலாமே, கிடங்குக்கு ஏன் செலவு? குளிரறை, மின்சாரம், பட்டியல், ஆட்கள் எல்லாம் செலவுதான். பெயர்பெற்ற உருளைகளில் சேறு தீர்ந்துகொண்டும் வருகிறது. காப்பாளர்கள் கிராம் கணக்கில் அளந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. காய்ந்துபோன சேற்றில் சில அளவீடுகளைச் செய்யவே முடியாது. ஆனால் மறுபடி எடுப்பதற்குக் கப்பல் வேண்டும். 1985 முதல் அறிவியலுக்காகத் துளையிட்டு வந்த அந்த ஜாய்டஸ் ரெசல்யூஷன், அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை நிதியை நீட்டிக்காததால், 2024 ஆகஸ்டில் தன் கடைசி ஆய்வுப் பயணத்தை முடித்துக்கொண்டது. அதற்கு ஈடான கப்பல்கள் உலகில் ஒரு கையின் விரல்களுக்குள் அடங்கும். இனிச் சில காலம் மறுவாசிப்பு கிடங்குகளை நம்பியே நடக்கும். நம் நாட்டிலும் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனம் 1966இலிருந்து இயங்குகிறது. அரபிக்கடலும் வங்காள விரிகுடாவும் நம் மழையின் வரலாற்றைச் சுமந்து கிடக்கின்றன. அந்த வரலாற்றைப் படிக்கப்போகும் மாணவருக்கு எந்தக் கருவி கிடைக்கும் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. யூவிங்குக்கும் அது தெரியாது. அவர் எடுத்து வைத்தார். ஆகவே, சேற்றை எடுக்கும் பயணத்துக்கு நிதி ஒதுக்கும் ஒவ்வொரு அரசும், அதைக் குளிரில் வைத்துக் காக்கவும், எங்கே என்ன இருக்கிறது என்று எல்லோரும் தேடிப் பார்க்கும்படி பட்டியலிடவும், கேட்கும் மாணவருக்கு ஒரு துண்டு வெட்டிக் கொடுக்கவும் அதே நிதியில் ஒரு பங்கை ஒதுக்கியாக வேண்டும்.